கஸ்தூரி நம்பர் வேணாம்

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது போன் உறுமியது. எங்கள் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டிக்குள் ஏதோ ஒரு கருவியை இறக்கியிருக்கிறார்கள். மட்டம் குறைந்தால் அது சங்கப் பொறுப்பாளர்கள் ஐந்து பேருடைய போனுக்கும் சேதி அனுப்பும். மழைக்கு வெள்ளம் புகுகிற முடிச்சூரில் குடியிருப்பவனுக்குத் தண்ணீர் குறைகிற சேதியைவிட ஏறுகிற சேதிதான் பயம் என்பது வேறு விஷயம். நான் வாயில் நுரையோடு கண்ணாடியைப் பார்த்தபடியே கட்டைவிரலால் அந்தச் சேதியை ஒதுக்கித் தள்ளினேன். மற்ற நாலு பேரில் யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கைதான். அவர்களும் அதே நம்பிக்கையில் இருந்திருக்கிறார்கள். எட்டரை மணிக்குக் குழாயைத் திறந்தால் காற்று வந்தது. கீழ்வீட்டு அம்மா போன் செய்து, "அலாரம் எல்லாம் தெரிஞ்சவர்னுதானே சார் உங்கள கமிட்டில போட்டோம்" என்றார்.

சங்கத்தின் மானத்தைக் காப்பாற்ற ஸ்க்ரூ டிரைவரோடு கீழே இறங்கினேன். மோட்டார் ரூமுக்குப் போய் ஸ்விட்சைப் போட்டால் வேலை முடிந்தது. ஆனால் மூடி என்று ஒன்றிருந்தால் கழற்றிப் பார்க்கிற புத்தி எனக்கு இன்னும் போகவில்லை. சுவரில் மாட்டியிருந்த அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே யாரோ ஒயர்களைக் கையால் பற்றவைத்திருந்தார்கள். மோட்டார் ரூமின் புழுக்கத்தில் அதிலிருந்து, ஈயம் பற்றவைக்கும்போது போடுகிற ரெசினின் வாசனை லேசாக வந்தது. ஊதுபத்திக்கும் கருகிய சர்க்கரைக்கும் நடுவே இருக்கிற வாசனை அது. எங்கே மோந்தாலும் எனக்கு இருபத்தெட்டு வயதாகிவிடும்.

இருபத்தெட்டு வயதில் நான் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு மாடியில் வேலை பார்த்தேன். கம்பெனியில் மொத்தம் ஆறு பேர். முதலாளியை எம்.டி. சார் என்போம். என் விசிட்டிங் கார்டில் "சீனியர் இன்ஜினியர்" என்று போட்டிருந்தது. ஜூனியர் என்று அங்கே யாரும் கிடையாது. நாங்கள் செய்தது ஒரே ஒரு சாமான். இரண்டு செங்கலைச் சேர்த்து வைத்த அளவில் ஒரு பெட்டி. டெலிபோன் லைனில் அதை மாட்டிவிட்டு, சூடு பார்க்கிற ஒயரை எந்த அறையைக் கவனிக்க வேண்டுமோ அந்த அறைக்குள் விடுவோம். அங்கே ஏதாவது தப்பாகப் போனால் பெட்டி தானே போன் போட்டு, பதிவு செய்து வைத்திருக்கிற குரலில் விஷயத்தைச் சொல்லும். இன்றைக்கு இதைக் கேட்டால் என் மகளுக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு இதைக் காட்டும்போது சிலர் பெட்டிக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று நிஜமாகவே எட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

பெட்டியை மாட்டுவது அரை மணி நேர வேலை. அலாரம் வைப்பதுதான் பாதி நாளை விழுங்கும். வாடிக்கையாளரிடம் நாலு கேள்வி கேட்க வேண்டும். எவ்வளவு சூடு ஏறினால், இறங்கினால் கூப்பிட வேண்டும்? அதற்கப்புறம் எவ்வளவு நேரம் பொறுத்துக் கூப்பிட வேண்டும்? யார் யாரை, எந்த வரிசையில்? யாரும் எடுக்காவிட்டால் எத்தனை சுற்று? இந்தக் கேள்விகளை நான் ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருப்பேன். டாக்டர் மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டு ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்வேன். அதில் எனக்கு ஒரு பெருமை.

ஒவ்வொரு கேள்விக்கும் நான் யாரிடமாவது திட்டு வாங்கியிருக்கிறேன். இதே முடிச்சூரில், அப்போது வயலும் தென்னையுமாக இருந்த பக்கத்தில், ஒரு கோழிக்குஞ்சு பொரிப்பகம் இருந்தது. பொறுக்கும் நேரம் வைக்காமல் வந்துவிட்டேன். அவர்கள் கதவைத் திறக்கும்போதெல்லாம் பெட்டி போன் போட்டுக் கதறியது. அதிலிருந்து எல்லா இடத்திலும் அரை மணி பொறுக்கச் சொல்லிவைத்தேன். பல்லாவரத்தில் ஒரு தோல் கிடங்குக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்தில் அவருக்குப் போன் மேல் போன். மாப்பிள்ளை வீட்டார் கடன்காரன் கூப்பிடுகிறான் என்று நினைத்துவிட்டார்களாம். மறுநாள் அவர் எங்கள் மாடிக்கே வந்து சத்தம் போட்டார். "இனிமே யாருக்கும் ரெண்டு ரவுண்டுக்கு மேல வைக்காதேப்பா" என்று எம்.டி. சார் சொல்லிவிட்டார். அதையும் அட்டையில் எழுதிக்கொண்டேன்.

அது மிஸ்டு கால் காலம், ஞாபகம் இருக்கிறதா? கைபேசி எல்லார் கையிலும் வந்துவிட்டது. பேச மட்டும் யாருக்கும் மனசு வரவில்லை. நானும் என் மனைவியும் மணியோசையிலேயே குடும்பம் நடத்தினோம். ஒரு ரிங் என்றால் சானடோரியத்தில் ரயில் ஏறிவிட்டேன். இரண்டு என்றால் லேட்டாகும், நீ சாப்பிடு. அவள் பக்கமிருந்து ஒரு ரிங் வந்தால் தயிர் வாங்கி வா. அவசரத்தில் யாராவது எடுத்துவிட்டால் எடுத்தவருக்கு அன்று பூரா அர்ச்சனை. இப்படி வாழ்ந்துகொண்டிருந்த ஒருவனுக்கு நான் இப்போது சொல்லப்போகிற விஷயம் முன்கூட்டியே புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. சீனியர் இன்ஜினியர் அல்லவா.

கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குப்பம். கடல் ஊருக்குள் வந்துபோன வருஷத்துக்கு அப்புறம், உதவி செய்ய வந்த யாரோ அங்கே மீன் விற்கிற பெண்களுக்கு ஒரு சின்னக் குளிர் அறை கட்டிக்கொடுத்திருந்தார்கள். மைனஸ் பதினெட்டு வரைக்கும் போகும். பன்னிரண்டு பெண்கள் சேர்ந்த குழுவின் கையில் அது இருந்தது. அதற்கு ஒரு பெட்டி மாட்ட என்னை அனுப்பினார்கள். தாம்பரத்தில் பஸ் ஏறி, மேடவாக்கத்தில் மாறி, பெரும்பாக்கம் ஏரியைத் தாண்டி, சோழிங்கநல்லூரில் இன்னொரு தடவை மாறிப் போனேன். பெரும்பாக்கத்தில் அப்போது அடுக்கு வீடுகள் வரவில்லை. ஜன்னலில் தலையை வைத்தால் தூக்கம் வருகிற அளவுக்குக் காற்று.

குழுவின் தலைவி அஞ்சலை அக்கா. ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் பெரிய குங்குமம், இடுப்பில் சாவிக்கொத்து, கூட்டத்தில் யார் பேசினாலும் முடிவைத் தான் சொல்வது என்ற பழக்கம். அந்த அறையின் அருமையை அவர்தான் எனக்குச் சொன்னார். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கடலுக்குப் போகாது, மீனுக்குக் கிராக்கி ஏறும். அதற்கு முன்னால் மலிவாகக் கிடைக்கிற வஞ்சிரத்தையும் இறாலையும் வாங்கி அறையில் வைத்துக்கொண்டால், அந்த வாரங்கள் முழுக்கத் தங்கள் கூடையில் தங்கள் மீன். இல்லாவிட்டால் கரையில் இருக்கிற பெரிய வியாபாரி எறிவதைப் பொறுக்கிக்கொண்டு போக வேண்டும்.

"வூடு வூடா போயி சொல்லிக்கீறேன் சார்" என்றார் அஞ்சலை அக்கா. "நம்ம ரூமுல போடுங்கடி, ஒண்ணும் ஆவாதுன்னு. ஆச்சுன்னு வையி, அத்தினி பேரும் அந்த ஆளு கால்ல போயி நிக்கணும்."

நான் பெட்டியைச் சுவரில் மாட்டினேன். குழுவிடம் எல்லாருடைய எண்ணும் எழுதிய ஒரு தாள் இருந்தது. யாரோ பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கையெழுத்து. லைன் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அறையில் இருந்த போனிலிருந்து அந்தத் தாளின் முதல் எண்ணைச் சுழற்றினேன். ஒரே ரிங்கில் எடுத்தார்கள்.

"அலோ! யாரு? சொல்லு!" பின்னால் பஸ் ஹாரன், யாரோ மீனை வெட்டுகிற சத்தம்.

"நான் அலாரம் வைக்க வந்திருக்கேங்க. சும்மா டெஸ்டிங்தான்."

"டெஸ்டிங்கா? நல்லா கேக்குது சார். நான் கஸ்தூரி. மேடவாக்கத்துல யாவாரத்துல கீறேன். சாப்டியா நீ? அஞ்சலக்கா எதுனா குடுத்துச்சா?"

சாப்பிடவில்லைதான். ஆனால் அதைச் சொல்லாமல், நல்ல லைன் என்று மகிழ்ந்து போனை வைத்தேன். அஞ்சலை அக்காவிடம், "லைன் சூப்பரா இருக்குக்கா. கஸ்தூரி அக்காகிட்ட பேசினேன்" என்றேன்.

"எடுத்துட்டாளா!" என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

பெட்டியில் நாலு எண்தான் பதிய முடியும். தாளில் இருந்த வரிசைப்படியே கஸ்தூரி எண்ணை முதலாவதாகப் பதிந்துவிட்டு அடுத்ததைக் கேட்டேன்.

"கஸ்தூரி நம்பர் வேணாம் சார்" என்றார் அஞ்சலை அக்கா. "அவ எடுத்துடுவா."

"எடுத்துடுவாங்களா?"

"ரூமு நம்பர்லேந்து இன்னா அடிச்சாலும் எடுத்துடுவா. எத்தினி தபா சொன்னாலும் கேக்குறதே இல்ல. இவளால பெரிய பேஜாரு. நாங்கல்லாம் நம்பரப் பாத்தாலே புரிஞ்சிக்கினு ஓடியாந்துடுவோம். எங்க நாலு பேருத போடு."

இந்த வாக்கியத்தை நான் காதால் கேட்டேன். போன் வந்தால் எடுப்பார் என்ற குற்றத்துக்காக ஒருவரை, போன் வந்தால் எடுக்க வேண்டிய பட்டியலிலிருந்து தூக்கச் சொல்கிறார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். எண்ணை அழிக்க இரண்டு பொத்தான்களை ஒன்றாக அழுத்த வேண்டும். அழுத்தினேன். திரையில் முதல் வரி வெறுமையாயிற்று. அங்கே அஞ்சலை அக்காவின் எண்ணைப் போட்டேன். அப்புறம் மற்ற மூவருடையதும்.

பிறகு குரல் பதிவு. அப்போதெல்லாம் எனக்கு என் குரலைப் பற்றி ஒரு மயக்கம் உண்டு. தொண்டையைச் செருமிக்கொண்டு, "வணக்கம். குளிர் அறையின் வெப்பநிலை உயர்ந்துவிட்டது. உடனடியாகக் கவனிக்கவும்" என்று பதிந்து போட்டுக் காட்டினேன்.

"இன்னா சார் இது, டேசன்ல வண்டி வருதுன்னு சொல்ற மாரி கீது" என்றார் அஞ்சலை அக்கா. "நம்ம வாயால சொன்னாத்தான் நமக்கு ஒறைக்கும். தா இங்க." வாங்கிக்கொண்டு ஒரே மூச்சில் கத்தினார்: "அடியே, ரூமு சூடாவுதுடி! கைல இன்னா வேல கீதோ போட்டுட்டு ஓடியாங்கடி!"

பரிசோதனைக்கு, சூடு பார்க்கிற ஒயரை எடுத்து என் உள்ளங்கையில் பொத்திக்கொண்டேன். அப்போதைக்குப் பொறுக்கும் நேரத்தை எடுத்துவிட்டிருந்தேன். பெட்டி ஒவ்வொருவராகக் கூப்பிட்டது. "எடுங்கக்கா, எடுத்துக் கேளுங்க" என்று நான் சொல்லச் சொல்ல நாலு பேரும் எடுத்தார்கள். கையில் இருந்த போனிலிருந்து அஞ்சலை அக்கா கத்துவதை அஞ்சலை அக்காவே கேட்டு வெட்கப்பட்டார். எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு. அரை மணி பொறுத்தல், இரண்டு சுற்று, நாலு எண். அட்டையில் எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன். எனக்கு வஞ்சிரம் வறுத்துக் கொடுத்தார்கள்.

மாலை பஸ்ஸுக்கு நிற்கும்போது காலிக் கூடையோடு ஒருவர் இறங்கினார். உயரமான பெண், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். என் கையிலிருந்த டூல் பையைப் பார்த்துவிட்டு, "நீதானா டெஸ்டிங்கு?" என்றார். அதுதான் கஸ்தூரி அக்கா. பஸ் வருகிற வரைக்கும் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெரிய வியாபாரியிடம் போன வாரம் ஏலத்தில் எடைத் தகராறு வந்து, மொத்தக் கரையும் பார்க்க, இனிமே உன்கிட்ட ஒரு மத்திகூட எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாராம். அதனால் எல்லாரையும்விடத் தன் பங்கை அதிகமாக அந்த அறைக்குள் அடுக்கப்போவதாகச் சொன்னார். "உன் பொட்டி பாத்துக்கும்ல?" என்று கேட்டார். "கண்ணுல வெளக்கெண்ண விட்டுப் பாத்துக்கும்கா" என்றேன்.

தடைக்காலம் தொடங்கி மூன்றாவது வாரம், அவர்கள் ஊர் அம்மன் திருவிழா வந்தது. அந்த இரண்டு நாளும் குப்பத்தில் யாரும் வியாபாரத்துக்குப் போக மாட்டார்கள், மீனைத் தொடவும் மாட்டார்கள். சனிக்கிழமை மத்தியானம் சீரியல் பல்புக்கும் ரேடியோ செட்டுக்கும் லைன் இழுத்த இழுப்பில், குளிர் அறைக்குப் போகிற மூன்று ஃபேஸில் ஒன்று போய்விட்டது. தெரு விளக்கு எரிகிறது, பாட்டு கேட்கிறது, வீட்டில் ஃபேன் ஓடுகிறது. மூன்று ஃபேஸும் இருந்தால்தான் ஓடுகிற அறையின் கம்ப்ரஸர் மட்டும் நின்றுபோனது யாருக்கும் தெரியவில்லை. திங்கட்கிழமை காலையில் கதவைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

எங்கள் மாடிக்குப் போன் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது பத்து மணிக்கு மேல் ஆகிவிட்டது. நடந்ததைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னாலேயே மூக்கு சொல்லிவிட்டது. அறைக்கு வெளியே மணலில் நாலைந்து ஆண்கள் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கூடை கூடையாக எடுத்துவந்து கொட்டினார்கள். யாரும் அழவில்லை, யாரும் என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

"உன் பொட்டி கூப்புடவே இல்லியே சார்" என்றார் அஞ்சலை அக்கா. அவர் குரல் இறங்கியிருந்தது.

நான் பெட்டியின் பொத்தானை அழுத்தினேன். கடைசியாகப் போட்ட போன்களை அது ஒவ்வொன்றாகக் காட்டும். எல்லாம் இருந்தது. எங்கள் பெட்டி தன் வேலையைச் செய்திருந்தது. முதலில் வந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, நிம்மதிதான். அதற்குப் பிறகுதான் விஷயம் உறைத்தது.

"கூப்பிட்டிருக்குக்கா. சனிக்கிழமை சாயந்தரம் நாலே காலுக்கு. மொதல்ல உங்களுக்கு. எடுக்கல. அப்புறம் வரிசையா மூணு பேருக்கு. எடுக்கல. அப்புறம் மறுபடியும் உங்களுக்கு."

அஞ்சலை அக்கா கூடையைக் கீழே வைத்தார். இடுப்பிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். "வந்துச்சு" என்றார். "ரூமு நம்பரு. சாமி வந்துகினு இருந்துச்சா, நான் கட் பண்ணேன்."

இரண்டாவது எண்ணுக்குரிய பெண், "எனக்கும்தான்கா வந்துச்சு. யாரோ பாத்துட்டுப் பூட்டிட்டாங்கன்னு நெனச்சேன்" என்றார். மூன்றாமவர் தலையாட்டினார். நாலாமவர், "ரெண்டு தபா வந்துச்சு. ஒருக்கா சொன்னா பத்தாதா, எதுக்கு ரெண்டு தபா சொல்றாங்கன்னுகூட நெனச்சேன்" என்றார்.

பூட்டிட்டாங்கன்னா என்னவென்று கேட்டேன். அப்போதுதான் எனக்குச் சொன்னார்கள். அந்த அறை நம்பரிலிருந்து காலையில் மணி அடித்துக் கட் ஆனால் ஐஸ் வண்டி வந்திருக்கிறது, வா என்று அர்த்தம். மத்தியானத்துக்கு மேல் அடித்தால், அறையைப் பூட்டியாயிற்று, நிம்மதியாக இரு என்று அர்த்தம். சாவி மூன்று பேரிடம் இருப்பதால், கடைசியாகப் பூட்டுகிறவர் மற்றவர்களுக்கு ஒரு மணி அடிப்பது வழக்கம். யாரும் எடுக்கக் கூடாது. எடுத்தால் குழுவின் போன் பில் ஏறும். நாலு பேரும் ஒழுங்காக அந்த வழக்கத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். மீன் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று பெட்டி எட்டுத் தடவை கூப்பிட்டது. எட்டுத் தடவையும் அவர்கள் நிம்மதியாக இருக்கச் சொல்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள்.

குழியருகே நின்றிருந்த கஸ்தூரி அக்கா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, சுருக்குப்பையிலிருந்து தன் போனை எடுத்தார். பொத்தானை அழுத்தி அழுத்தி மேலும் கீழும் பார்த்தார்.

"எனக்கு வரலியே" என்றார்.

நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கு மட்டும் ஏன்கா வரல?"

அஞ்சலை அக்கா மறைக்கவில்லை. அந்த விஷயத்தில் அவரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். "உன் நம்பரப் போடல கஸ்தூரி. சார் மொதல்ல போடத்தான் போட்டாரு. நான்தான் வேணாம்னேன்."

"ஏன்?"

"நீ எடுத்துடுவேன்னு."

கஸ்தூரி அக்கா போனைச் சுருக்குப்பையில் போட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "பெல்லு அடிச்சா எவனோ எதுக்கோ கூப்புடுறான்னுதானக்கா அர்த்தம்?" என்று மட்டும் கேட்டார். பிறகு குனிந்து அடுத்த கூடையை எடுத்தார். அதில் இருந்தது அவருடைய வஞ்சிரம்தான்.

எம்.டி. சாருக்கு நான் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டில், "கருவியில் பழுது இல்லை, வாடிக்கையாளர் அழைப்பை ஏற்கவில்லை" என்று இருந்தது. அவர் சொல்லித்தான் எழுதினேன். பொய் ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போடும்போது என் கை கூசியது, அவ்வளவுதான். அழித்த விரலும் அதே கையில்தான் இருந்தது. அந்த நாலு பெண்களும் என் முன்னால் போனை எடுத்தது நான் எடுக்கச் சொன்னதால். நான் இல்லாதபோது என்ன செய்வார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அதைவிட, அவ எடுத்துடுவா என்று சொன்னபோதே, அப்படியென்றால் நீங்கள் எடுக்க மாட்டீர்களா என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். அதற்கு இன்ஜினியராக இருக்க வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிக்குச் சொல்லாமல், நானாகப் போனேன். வழியில் கரையில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. சின்னப் படகுகள் கொண்டுவந்த கொஞ்சம் மீன். அந்தப் பெரிய வியாபாரி நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கூட்டத்தின் கடைசியில், கூடையை முன்னால் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல் கஸ்தூரி அக்கா நின்றிருந்தார். வியாபாரி எல்லாருக்கும் கொடுத்து முடித்த பிறகு அவர் பக்கம் கையைக் காட்டினார். அவர் என்னைப் பார்ப்பதற்குள் தென்னை மரத்துப் பக்கமாக நடந்துபோய்விட்டேன்.

அறையில் அஞ்சலை அக்கா இருந்தார். "அவ நம்பர மொதல்ல போடு சார்" என்றார். நானும் அதற்காகத்தான் வந்திருந்தேன். கஸ்தூரி அக்கா வந்ததும் எண்ணைக் கேட்டேன். எனக்கு அது மனப்பாடம்தான். இருந்தாலும் அவர் வாயால் சொல்லட்டும் என்று தோன்றியது. ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பதிந்தேன். என் அட்டையில் ஐந்தாவதாக ஒரு கேள்வியும் எழுதிக்கொண்டேன்: உங்களில் யார் போனை எடுப்பீர்கள்? அதற்கப்புறம் எங்கே அலாரம் வைத்தாலும் அதைத்தான் முதலில் கேட்டேன். கிடங்குக்காரர்களும் மேனேஜர்களும் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஆனால் அந்த அறை பழையபடி நிறையவில்லை. அடுத்த தடைக்காலத்துக்கு மூன்று பேர் வைத்தார்கள். அதற்கடுத்து கஸ்தூரி அக்கா மட்டும், இரண்டு கூடை. ஒரு முறை பட்ட சூடு, யாரைக் குறை சொல்ல முடியும்? அஞ்சலை அக்கா கூட்டத்தைக் கூட்டிப் பார்த்தார். வந்தவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு அறையை மூடுவது என்று முடிவாயிற்று. டெலிபோன் லைனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பெட்டியைக் கழற்றி எடுத்துவர என்னைத்தான் அனுப்பினார்கள்.

இன்று சானடோரியத்தில் அந்த மாடி இல்லை. அங்கே தூண் வைத்த கட்டடம் நிற்கிறது, கீழே கார் நிறுத்துகிறார்கள். எம்.டி. சாரும் இல்லை. பெட்டி மாட்டுவதற்கு டெலிபோன் லைனும் இல்லை. மிஸ்டு கால் கொடுத்தால் வீட்டில் தயிருக்கு என்று யாருக்கும் புரியாது. எனக்கும் மனைவிக்கும் இடையிலான அந்த மணிக்கணக்கை இருவருமே மறந்துவிட்டோம். அந்தக் குப்பத்துப் பக்கம் போய்ப் பல வருஷம் ஆகிறது. அறை இருந்த இடத்தில் இப்போது ஒரு ரிசார்ட்டின் மதில் ஓடுகிறது என்கிறார்கள்.

பெட்டியைக் கழற்றப் போன அன்று, கதவைத் திறந்துவிட்டது கஸ்தூரி அக்காதான். கடைசி சாவி அவரிடம் இருந்தது. உள்ளே குளிரும் இல்லை, மீன் வாசனையும் இல்லை. ஒயர்களைப் பிடுங்குவதற்கு முன்னால் பழக்க தோஷத்தில் பொத்தானை அழுத்திப் பதிவைப் பார்த்தேன். முதல் எண்ணுக்கு, கஸ்தூரி அக்காவின் எண்ணுக்கு, நேராக ஒன்றுமில்லை. அந்த இரண்டு வருஷமும் கரண்ட் ஒழுங்காக இருந்தது, கம்ப்ரஸர் ஒழுங்காக ஓடியது. பெட்டி யாரையும் கூப்பிட வேண்டி வரவில்லை.

கஸ்தூரி அக்கா என் தோளுக்கு மேலே எட்டித் திரையைப் பார்த்தார். சுருக்குப்பையிலிருந்து அவருடைய போன் பாதி வெளியே தெரிந்தது.

"ராவும் பகலும் கையிலயே வச்சிக்கினு இருந்தேன் சார். குளிக்கப் போனாக்கூட வாளி பக்கத்துல வச்சிப்பேன். அடிக்கவே இல்லியே."

"அடிக்காம இருந்தா நல்லதுதானேக்கா."

"நல்லதுதான்" என்றார். நான் ஒயரைச் சுருட்டி முடித்தேன். பிறகு சொன்னார்:

"அடிச்சிருந்தா எடுத்திருப்பேன் சார்."

"தெரியும்கா" என்றேன்.